வெற்றிலை எடுத்த தெரு

எங்கள் தெருவில் பெரியவர்களெல்லாம் சாயங்காலமானால் சின்னப் பிள்ளைகளாகிவிட்டுத் திரும்பவும் பெரியவர்களாகிக்கொண்டிருந்த கோடையில்தான் நான் பரீட்சைக்குப் படித்தேன். அதனால் யாராவது என்னிடம், "இந்த வயசுல எப்படி மைனி படிச்சு எழுதுனீக?" என்று கேட்டால் படிப்பைச் சொல்வதா, தெருவைச் சொல்வதா என்று எனக்குக் குழப்பம் வந்துவிடும், இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, ஒன்றாகவே சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில், மழை எப்போதாவது வழிதவறி வந்தால் மட்டும் பெய்கிற ஊர் எங்களுடையது. ஊருக்கு மேற்கே தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிறது, அதன் உச்சியில் சங்கு இருக்கிறது. காலையில் ஊதினால் ஆட்கள் உள்ளே போவார்கள், டீ சங்கு ஊதினால் முதுகை நிமிர்த்துவார்கள், விடுகிற சங்கு ஊதினால் வீட்டுக்கு வருவார்கள். உலை வைப்பதும், துணி எடுப்பதும், மாடு பிடித்துக் கட்டுவதும் எங்களுக்கு அந்தச் சங்கின்படிதான். கடிகாரம் வைத்திருக்கிறவர்களும் சங்கைக் கேட்டுத்தான் கடிகாரத்தைத் திருத்துவார்கள்.

நான் வடக்குக் கிணற்றுத் தெருவில் இருக்கிற மழலையர் பள்ளியில் ஆயா. பேர் சண்முகக்கனி. பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது, கால் கழுவிவிடுவது, டப்பாவைத் திறந்து கொடுப்பது, யாருடைய செருப்பு யாருடையது என்று கண்டுபிடிப்பது, இதெல்லாம் என் வேலை. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தபோதுதான் பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் ஜெபமணி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "கனி, இனிமே வகுப்புக்குள்ள பிள்ளைகள்கூட நிக்கணும்னா வகுப்பு உதவியாளர் தகுதித் தேர்வு எழுதியிருக்கணுமாம். எழுத்துப் பரீட்சை ஒண்ணு, பிள்ளைகளை வச்சு நடத்திக் காட்டுறது ஒண்ணு" என்றார்.

"பாஸ் பண்ணலைன்னா டீச்சர்?"

"வேற ஆளப் போடச் சொல்லுதாக."

"நான் அஞ்சாப்பே முடிக்கலியே டீச்சர்."

"இத்தனை வருஷம் வேலை பாத்துருக்கேல்லா, அது போதுமாம். எழுதலாம்."

எழுதலாம் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். ஐந்தாம் வகுப்பில் பாதியில், ஒரு மாதிரி வெயில் அடித்த காலை நேரத்தில், சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு வரச் சொல்லி என்னைத் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு நான் படித்ததெல்லாம் மளிகை சுற்றி வந்த காகிதம்தான். பள்ளிக்கூடத்துக்குள் ஆயாவாக நுழையவே எனக்கு முடி நரைக்க வேண்டியிருந்தது. இப்போது பாஸ் பண்ணவில்லை என்றால் மறுபடியும் அந்தச் சங்குக்குக் கீழே போய் உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

டீச்சர் கொடுத்த புத்தகம் செங்கல் கனம் இருந்தது. ஒரு பக்கத்தைப் படித்து அடுத்த பக்கத்தைத் திருப்புவதற்குள் அடுப்பை அணைத்தேனா என்று யோசனை வந்துவிடும். எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால், படித்தது அடுப்பங்கரையிலேயே நின்றுவிடும். என் வீட்டுக்காரர் சுடலைமணி குட்டியானை வண்டி ஓட்டுகிறவர், பொறுமைசாலி. "ஏ கனி, அடுப்பு அணைஞ்சுதான் கெடக்கு, நீ படி" என்று வாசலிலிருந்தே சொல்வார். அவர் சொன்னால் மட்டும் அடுப்பு அணைந்துவிடுமா? நான் போய்ப் பார்த்தால்தானே அணையும்.

புத்தகத்தின் கடைசியில், "பயிற்சியாளர் தம் பகுதிக் குழந்தைகளை ஒன்று சேர்த்து நாள்தோறும் நடத்திப் பழக வேண்டும்" என்று போட்டிருந்தது. சேர்ப்பதற்குப் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள்? முழுப் பரீட்சை லீவு விட்டு, எல்லாப் பிள்ளைகளும் தூத்துக்குடிக்கும் திருச்செந்தூருக்கும் மாமா வீடு சித்தி வீடு என்று போய், தெருவே கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி கிடந்தது. ஆனாலும் எந்த வீட்டிலாவது ஒன்றிரண்டு மிச்சம் இருக்காதா என்று ஒரு நப்பாசை. சும்மா போய்க் கேட்டால் "பாப்போம் மைனி" என்று சொல்லிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அதனால் தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம், கல்கண்டு எல்லாம் வைத்துக்கொண்டு, சடங்கு வீட்டுக்கு அழைப்பதைப் போல முறையாக வீடு வீடாகப் போனேன்.

எங்கள் பக்கத்தில் வெற்றிலைத் தட்டை நீட்டினால் யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். தீராத பகையாளி நீட்டினாலும் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டுதான் முகத்தைத் திருப்புவார்கள். எடுத்துவிட்டால் வந்தாக வேண்டும். வராவிட்டால் அழைத்தவரை அவமானப்படுத்தியதாகிவிடும். எதற்கு அழைக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கிறவர்கள் மட்டும் குறைவு. நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "என் பரீட்சை முடியிற வரைக்கும் டீ சங்கு ஊதுனதும் உங்க வீட்டுல இருந்து ஒரு பிள்ளைய நம்ம பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைக்கணும்" என்று சொன்னேன். அவர்களும் "ஆகட்டும், ஆகட்டும்" என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். மளிகைக்கடை ராஜபாண்டி அண்ணாச்சி தராசைப் பார்த்தபடியே எடுத்தார். குழாயடிச் சண்டைக்குப் பிறகு என்னோடு பேச்சு வார்த்தை இல்லாத பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம், வானத்தைப் பார்த்தபடியே எடுத்தாள். நான் வீட்டுக்குத் திரும்பி வந்து தட்டைக் கீழே வைத்தபோது, மீந்திருந்த வெற்றிலையை யாரும் அழைக்காமலேயே எடுத்து மென்றவர் என் வீட்டுக்காரர்.

மறுநாள் டீச்சரிடம் சாவி வாங்கிப் பள்ளிக்கூடத்தைத் திறந்து, பாயை விரித்து, படங்களை மாட்டி, யாரும் வரமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீ சங்கு ஊதியது. ஊதி முடித்ததும் வாசலில் முதல் பிள்ளை வந்து நின்றது. காதில் பென்சில் சொருகி, இடுப்புச் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முன்பல் ஒன்று இல்லாமல் நின்ற அந்தப் பையன் ராஜபாண்டி அண்ணாச்சி என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. அவருக்குப் பின்னால் தெருவே வந்தது. தபால்காரர் வந்தார், டெய்லர் வந்தார், இட்லிக்கடைக்காரி வந்தாள், வண்டியை நடுத்தெருவில் போட்டுவிட்டு என் வீட்டுக்காரரும் வந்தார், எல்லாரும் என் இடுப்பு உயரத்துக்கு. ஆளோடு சேர்ந்து துணியும் அளவாகச் சுருங்கியிருந்தது; அந்த மட்டுக்கும் மானம் தப்பியது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் பிள்ளை இல்லை என்றால் வெற்றிலை எடுத்த கைதானே வந்தாக வேண்டும்? அதில் எனக்கு ஒன்றும் விளங்காமல் போகவில்லை. எனக்கு வந்த கவலையெல்லாம் வேறு. இத்தனை பேரும் அடுப்பை அணைத்துவிட்டா வந்தார்கள்? "எல்லாரும் பாயில உக்காருங்க, யாரும் அசையப்படாது" என்று சொல்லிவிட்டு, தெருவுக்குள் ஓடி வீடு வீடாகப் புகுந்து அடுப்புகளை அணைத்துவிட்டு வந்து பார்த்தால், தபால்காரர் டெய்லரின் தலைமுடியைப் பிடித்திருந்தார், இட்லிக்கடைக்காரி சுவரெல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டிருந்தாள், என் வீட்டுக்காரர் கதவோரம் நின்று, "வீட்டுக்குப் போணும்" என்று அழுதுகொண்டிருந்தார்.

"வீடு எங்கயும் போகாது, வா" என்று அவரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். கல்யாணம் முடிந்து வந்த நாளிலிருந்து, அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

விடுகிற சங்கு ஊதியதும் எல்லாரும் பெரியவர்களாகி, கூச்சத்தோடு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். சின்னதாக இருந்தபோது நடந்தது அவர்களுக்குத் தூங்கி எழுந்தவர்களுக்குக் கனா நினைவிருப்பது போலத்தான் நினைவிருந்தது, கையில் ஒட்டிய சுண்ணாம்பும் நாக்கில் ஒட்டிய கல்கண்டும் மட்டும் நிஜம். நான் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுப்பதற்குள், ராஜபாண்டி அண்ணாச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, "நாளைக்கும் இதே நேரந்தானா கனி?" என்று கேட்டார்.

"வரணும்னு கட்டாயம் இல்ல அண்ணாச்சி..."

"வெத்தலை எடுத்தாச்சே தாயி. இனி என்ன பேச்சு?"

இப்படியாக எங்கள் தெரு தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. டீ சங்குக்கு முன்னால் அடுப்பை அணைக்க வேண்டும், வண்டியை ஓரங்கட்ட வேண்டும், கத்தி அரிவாளை மேலே வைக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டியை மூட வேண்டும் என்று தெருவே பேசி முடிவெடுத்தது. அண்ணாச்சி கடையில், "டீ சங்கு முதல் விடுகிற சங்கு வரை முதலாளி சிறுவர்" என்று அட்டை தொங்கியது. வெளியூர் வியாபாரிகள் அதைப் படித்துவிட்டு, சரி என்று தலையாட்டி வேப்பமரத்தடியில் காத்திருந்தார்கள். டெய்லர் சட்டைக்கு அளவெடுக்கும்போது, "காலையிலயே வந்துருங்க, சாயங்காலம் எனக்குக் கை எட்டாது" என்று சாதாரணமாகச் சொன்னார். வைத்தியர் ஒருவர் மட்டும், மாத்திரையைப் பெரியவர் அளவுக்குக் கொடுப்பதா சிறியவர் அளவுக்குக் கொடுப்பதா என்று குழம்பி, கடைசியில் சாயங்கால மாத்திரையையே ஊரில் நிறுத்திவிட்டார்.

தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் எங்கள் தெரு ஆட்களை டீ சங்குக்கு முன்பே வெளியே அனுப்பிவிடுவார். "சங்கு ஊதுன பிறகு ஒருத்தரும் உள்ள நிக்கப்படாது. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வச்சிருக்கேன்னு எவனாவது படம் எடுத்துட்டான்னா ஆபீசையே இழுத்து மூடிருவாக" என்று அவருக்குப் பயம். நியாயமான பயம்தான். என் காலத்தில் அப்படிப் படம் எடுக்க யாரும் வந்ததில்லை.

தெற்குத் தெருக்காரர்களுக்குப் பொறாமை வந்துவிட்டது. "எங்களுக்கு மட்டும் ஏன் வெத்தலை வைக்கல? நாங்க என்ன வேத்து ஆளா?" என்று அவர்களில் ஒரு பெரியவர் சண்டைக்கே வந்துவிட்டார். "இருக்கிறதுக்கே பாய் பத்தல மாமா, கோவிச்சுக்கிடாதீக" என்று சொல்லி அனுப்பினேன். அவர் போகும்போது, வாசலில் நின்று உள்ளே தொங்கிய யானைப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

நான் காலையில் புத்தகத்தைப் படித்தேன், சாயங்காலம் தெருவைப் படித்தேன். பொறுமை வராத குழந்தைக்குச் சின்னச் சின்னப் பொறுப்புக் கொடுக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அண்ணாச்சியிடம் கல்கண்டு டப்பாவைக் கொடுத்துப் பார்த்தேன். முதல் நாள் எல்லாவற்றையும் அவரே தின்றார், மறுநாள் பாதியைத் தின்றார், அதற்கடுத்து எல்லாருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்துவிட்டு, தனக்கு இல்லாமல் போனதும் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். என் மடியிலிருந்த ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். அதற்குப் பிறகு, பெரியவராக இருக்கும்போதும் அவர் கடையில் சாமான் வாங்க வந்த பிள்ளைகளுக்குக் கையில் ஒரு கல்கண்டு வைக்க ஆரம்பித்தார். ஏன் என்று கேட்டால், "தெரியல, கை தானா போகுது" என்பார்.

தங்கபுஷ்பம்தான் பெரிய பாடாக இருந்தாள். அவள் பாயில் உட்காரமாட்டாள், பாடமாட்டாள், கல்கண்டு வாங்கமாட்டாள். மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு செருப்பையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பாள். கூப்பிட்டால் இன்னும் இறுக்கமாக அணைப்பாள். புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம் இருந்தது, ஆனால் அதில் இருந்த வார்த்தையெல்லாம் பெரிது பெரிதாக இருந்தது. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை சும்மா இருந்தால் எனக்குக் கவலை அதிகமாகிவிடும். அதனால் அவளுக்குப் பக்கத்தில், ஆனால் அவளைப் பார்க்காமல் உட்கார்ந்து, மருந்து முக்காத தீக்குச்சிக் கட்டைப் பிரித்துப் போட்டுத் தரையில் அடுக்க ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் அந்தக் குச்சி எல்லா வீட்டிலும் கிடக்கும். என் கைக்கு நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். கிணறு அடுக்கினேன், வேலி அடுக்கினேன், குழாயடி அடுக்கினேன். நான் எதுவும் கேட்கவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை.

சில நாள் கழித்து ஒரு சின்னக் கை வந்து, என் குழாயடிக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை வைத்தது.

"இது என்ன?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"குடம்."

"யாரு குடம்?"

தங்கபுஷ்பம் கொஞ்சம் யோசித்தாள். பிறகு இன்னொரு குச்சியை எடுத்து அந்தக் குச்சிக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்தாள். "இது என் குடம். அது உங்க குடம், டீச்சர்."

என்னை அதுவரைக்கும் யாரும் டீச்சர் என்று கூப்பிட்டதில்லை. ஆயா என்று சொல்லித் திருத்த வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இன்னொரு குச்சியை அடுக்கினேன். அன்றைக்கு விடுகிற சங்கு ஊதிய பிறகு பெரிய தங்கபுஷ்பம் செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, "காலையில தண்ணி வருமாம் மைனி, குடத்த வெளிய வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எழுத்துப் பரீட்சையைக் கோவில்பட்டியில் போய் எழுதினேன். கேள்வித்தாளைப் பார்த்ததும் அடுப்பு ஞாபகம் வந்தது. பிறகு மெதுவாகப் படித்தால், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு முகம் இருந்தது. பிறரோடு பகிர மறுக்கும் குழந்தை என்றால் அண்ணாச்சி, பிரிவுக்கு அஞ்சும் குழந்தை என்றால் என் வீட்டுக்காரர், பேச மறுக்கும் குழந்தை என்றால் தங்கபுஷ்பம். முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பதில் எழுதினேன். அதில் தேறிவிட்டதாகத் தகவல் வந்தது. நடத்திக் காட்டும் பரீட்சைக்கு, மேலே இருந்து ஒரு மேடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வருவார் என்றும் வந்தது. லீவு முடியுமுன்னே தேதி போட்டிருந்தார்கள். லீவில் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள் என்பது தேதி போட்டவர்களுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

வந்த மேடத்தின் பேர் வசுமதி. கண்ணாடி போட்டு, கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரிப்பை எங்கோ வைத்துவிட்டு வந்தவர் போல இருந்தார். காலியாகக் கிடந்த பாயைப் பார்த்தார்.

"பிள்ளைங்க எங்கம்மா?"

"சங்கு ஊதட்டும் மேடம், வந்துருவாக" என்றேன்.

"இப்ப லீவு ஆச்சே. பிள்ளைங்க இல்லாம நான் எப்படி மார்க் போட? அடுத்த வருஷம் பாத்துக்கிடலாம்."

அடுத்த வருஷத்துக்குள் என் இடத்தில் வேறு ஆள் வந்திருக்கும். ஜெபமணி டீச்சர்தான் குறுக்கே வந்து, "மேடம், பிள்ளைக அஞ்சு வயசுப் பிள்ளைகளா இருக்கணும்னுதான் விதியில இருக்கு. என்னைக்குப் பொறந்த பிள்ளையா இருக்கணும்னு ஒண்ணும் போடல. கொஞ்சம் உக்காருங்க, பாப்பீக" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

இந்த இடத்தில்தான் என் வீட்டுக்காரர் அந்தக் காரியத்தைச் செய்தார். வந்த விருந்தாளியை வெறுங்கையோடு உட்கார வைப்பதா என்று அவருக்குத் தாங்கவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு கல்கண்டெல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு வந்து மேடத்திடம் நீட்டினார். நீட்டும்போது பதற்றத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல், அந்தத் தட்டோடு சேர்த்து அந்தக் கோடையில் எங்கள் தெருவுக்கே மனப்பாடமாகியிருந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்: "உங்க வீட்டுல இருந்து ஒரு பிள்ளைய அனுப்பி வைக்கணும்."

"ஆகட்டும்" என்று சொல்லி வசுமதி மேடம் ஒரு வெற்றிலையை எடுத்தார். அவரும் நம்ம பக்கத்து ஆள்தானே.

"ஐயோ, வேண்டாம்!" என்று நான் கத்துவதற்கும், டீ சங்கு ஊதுவதற்கும் சரியாக இருந்தது.

பெரிய நாற்காலியில், தரைக்கு எட்டாத காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, மூக்கிலிருந்து வழுக்கும் கண்ணாடியோடு ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தது. கைப்பையை இறுக்கிப் பிடித்தது. பிறகு எங்கள் ஊரின் சங்கே வெட்கப்படுகிற மாதிரி அழ ஆரம்பித்தது.

ஜெபமணி டீச்சர் சுவரில் சாய்ந்துவிட்டார். "மார்க் போட வந்தவுகளையே பிள்ளையாக்கிட்டானே உன் வீட்டுக்காரன்! இனி யாரு கனி மார்க் போட?" திட்டுவதற்கு என் வீட்டுக்காரரைத் தேடினால், அவர் பாயில் உட்கார்ந்து கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தார்.

வாசல் வழியாகத் தெரு முழுவதும் உள்ளே வந்தது. அழுகிற புதுப்பிள்ளையை எல்லாரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "டீச்சர், அதுக்குக் கண்ணாடி இருக்கு" என்றார் தபால்காரர். "டீச்சர், அது ஒண்ணுக்குப் போகணுமாக்கும்" என்றாள் இட்லிக்கடைக்காரி. பரீட்சை போய்விட்டது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. போனது போய்விட்டது, ஆனால் பிள்ளை அழுகிறதே. பரீட்சை இல்லை என்றால் அழுகிற பிள்ளையை விட்டுவிட முடியுமா?

எல்லாரையும் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டு, நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அதன் முகத்தைப் பார்க்கவில்லை. அழாதே என்று சொல்லவில்லை. மடியிலிருந்து குச்சிக் கட்டை அவிழ்த்து அடுக்க ஆரம்பித்தேன். அவசரத்தில் முதல் சுவர் விழுந்துவிட்டது. மறுபடியும் அடுக்கினேன், அதுவும் விழுந்தது. அழுகை கொஞ்சம் இடைவெளி விட்டது. அடுக்கினேன். நாற்காலியிலிருந்து இரண்டு கால் இறங்கி வந்தது.

"நீ கோணலா வைக்கிற" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னது வசுமதி.

"அப்படியா? எப்படி வைக்கணும்?"

"இப்படி."

சின்ன விரலால் ஒவ்வொரு குச்சியாக எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நேர்த்தியாக ஒரு வீடு கட்டியது. "இந்த வீட்டுல யாரெல்லாம் இருக்காக?" என்று கேட்டேன்.

"யாரும் இல்ல. எல்லாரும் பரீட்சைக்குப் போயிருக்காக."

"ஐயோ பாவம். வீடு தனியா இருக்கே."

அது யோசித்தது. அதற்குள் தங்கபுஷ்பம் பாயிலிருந்து எழுந்து வந்து, வாயிலிருந்த கல்கண்டைக் கடித்து இரண்டாக்கி, ஈரத்தோடு ஒரு பாதியை அதனிடம் நீட்டினாள். வசுமதி வாங்கி வாயில் போட்டுக்கொண்டது. பிறகு கைப்பையைத் திறந்து, சிவப்பு மையில் எழுதும் பேனாவை எடுத்து, உள்ளே இருந்த மார்க் தாளைத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு படம் போட ஆரம்பித்தது. ஜெபமணி டீச்சர், "ஐயோ, அதுல இல்ல கண்ணு!" என்று பாய்ந்தார். "விடுங்க டீச்சர். வரையிற பிள்ளை கையைப் பிடிக்கப்படாது" என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. ஆனால் டீச்சர் அதன் கையைப் பிடிக்கவில்லை. மார்க் தாள் நிறைய ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது என்று வசுமதி எல்லாருக்கும் அறிவித்தது. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு நாங்கள் காக்காவுக்குப் பாட்டுப் பாடினோம், கதை சொன்னோம், செருப்பைத் தேடினோம், அண்ணாச்சி எல்லாருக்கும் கல்கண்டு கொடுத்தார், விடுகிற சங்கு ஊதியது.

வசுமதி மேடம் தரையிலிருந்து மெதுவாக எழுந்தார். சேலையைத் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தாளை எடுத்துக் காக்காவைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தட்டைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"மேடம், மன்னிச்சிருங்க, எல்லாம் எங்களால..." என்று ஆரம்பித்தேன்.

"அழுதது ஞாபகம் இருக்கு" என்றார் அவர், தனக்குத்தானே சொல்வது போல. "ஒருத்தரும் அழாதேன்னு சொல்லல." நாக்கால் பல்லைத் துழாவி, மிச்சமிருந்த கல்கண்டை விழுங்கினார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, காக்காவின் வாலுக்குப் பக்கத்தில் மீதி இருந்த இடத்தில் மார்க்கைப் போட்டு, கீழே கையெழுத்தும் போட்டார். கிளம்பும்போது வாசலில் நின்று, "அந்தக் குச்சியில ஒரு கட்டு கிடைக்குமா?" என்று கேட்டார். பழைய காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன்.

நான் தேறிவிட்டேன். காக்கா எதற்கு என்று ஆபீசில் கேட்டார்களாம். பரிசோதகரின் குறிப்பு என்று எழுதி உள்ளே வைத்துவிட்டார்களாம்.

பரீட்சை முடியிற வரைக்கும் என்றுதானே அழைத்திருந்தேன்? அதன் பிறகு டீ சங்கு ஊதினால் ஒருவரும் சுருங்கவில்லை. சங்கு ஊதியதும் அண்ணாச்சி தராசை நிறுத்திவிட்டுத் தன் கையை ஒருமுறை பார்ப்பார், டெய்லர் கத்தரியை எடுத்து மேலே வைப்பார், ஒன்றும் நடக்காது, வேலையைத் தொடர்வார்கள். அண்ணாச்சி கடை அட்டையைக் கழற்றவில்லை. லீவு முடிந்து பிள்ளைகள் திரும்பி வரத் தொடங்கினார்கள். எனக்குப் புதுக் கவலைகள் வந்தன. வகுப்புக்குள் போனால் எந்தச் சேலை கட்டுவது, எங்கே நிற்பது, நிஜப் பிள்ளைகள் நிஜமாகவே வேறு மாதிரி இருந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், அரிசி களைந்துகொண்டிருந்தபோது, வாசலில் ஆள் கூடும் சத்தம் கேட்டது. வெளியே வந்தால் தங்கபுஷ்பம் நிற்கிறாள், கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு குங்குமம் கல்கண்டு. அவளுக்குப் பின்னால் அண்ணாச்சி, டெய்லர், தபால்காரர், இட்லிக்கடைக்காரி, கைகட்டி நிற்கும் என் வீட்டுக்காரர். எல்லாரும் குளித்துத் தலை சீவியிருந்தார்கள்.

"உங்க வீட்டுல இருந்து ஒரு பிள்ளைய நம்ம பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைக்கணும் மைனி" என்றாள் தங்கபுஷ்பம்.

"எங்க வீட்டுல பிள்ளை ஏது? இருந்த ஒண்ணையும் திருப்பூருக்குக் கட்டிக் குடுத்தாச்சு. எங்க வீட்டுலயிருந்துதான் இவுக வந்தாகளே."

"யாரும் அழைக்காம அண்ணன் எடுத்தது கணக்குல வராது. எடுங்க மைனி, தட்டு கனக்குல்லா."

"அடுப்புல உலை..."

"எடு தாயி" என்றார் அண்ணாச்சி. "டீ சங்கு ஊதப் போகுது."

நீட்டின தட்டை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு வெற்றிலையை எடுத்தேன். மேற்கே சங்கு ஊதியது. எங்கள் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் மெதுவாக மேலே போனது, நிலைப்படி உயர்ந்தது, தெரு அகலமானது. தங்கபுஷ்பத்தின் ஒரு விரல் என் கைக்குப் பிடிக்கச் சரியாக இருந்தது.

அவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வழியில் அண்ணாச்சி என் வாயில் ஒரு கல்கண்டு போட்டார். பள்ளிக்கூட வாசலில், புதிதாகக் கழுவின ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு ஜெபமணி டீச்சர் நின்றார்.

"அடுப்பு..." என்றேன்.

"பெரியவுக பாத்துக்கிடுவோம்" என்றாள் தங்கபுஷ்பம். "நீ உள்ள போ."

நான் உள்ளே போனேன்.